மேகத்துக்குப் பின்னால் வெள்ளி இருந்ததா?

புதுவையில் அறிவியல் புனைவுத் தொடர்களைப் பார்த்து, அவற்றில் அவிழாமல் கிடக்கும் முடிச்சுகளுக்கெல்லாம் தியரி எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

‘லாஸ்ட்’ தொடரின் கடைசிப் பகுதி 2010 மே 23இல் ஒளிபரப்பானது. அன்றைக்குப் பள்ளிக்கூடமே போயிராத பிள்ளைகள்கூட இன்று உங்களில் இருப்பார்கள். ஆனால் அந்தத் தீவைப் பற்றிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வின் காரா த்ரேஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே புல்வெளியிலிருந்து மறைந்துபோனது 2009இல், அவள் யார், எங்கே போனாள் என்று இன்றும் எழுதுகிறீர்கள். ‘டார்க்’ முடிந்தது 2020இல்; வோல்லரின் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று இன்றும் கேட்கிறீர்கள். இந்த உழைப்பைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஒரு காட்சியை நிறுத்தி, பின்னால் ஓட்டி, சுவரில் தொங்கும் படத்தில் எழுதியிருக்கும் தேதியைக்கூடப் படித்துவிடுகிற பொறுமை, நம் பழைய உரையாசிரியர்களுக்கு இருந்த பொறுமைக்குச் சொந்தக்காரப் பொறுமைதான். என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. விடை எங்கேயோ பத்திரமாக இருக்கிறது, தோண்டி எடுக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நம்பிக்கையோடு நீங்கள் இறங்குகிறீர்கள். அந்த நம்பிக்கை எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்று பிரித்துப் பார்க்காததால் உங்கள் தியரிகளில் பாதி, இல்லாத பொருளைத் தேடி ஓடுகின்றன. அதைத்தான் இந்த மடலில் சொல்லப் பார்க்கிறேன். கதைகளின் முடிவைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை. மேற்படித் தொடர்களை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே மடலை மடித்து வைத்துவிடலாம்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். கியோம் லெ ழான்தி என்ற பிரெஞ்சு வானியலாளரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கோள் ஒரு கரும்புள்ளியாகக் கடந்துபோவதை உலகின் பல மூலைகளிலிருந்து அளந்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம் என்பது அந்தக் காலத்து அறிவியலின் பெரிய ஆசை. 1761 ஜூன் 6இல் நிகழவிருந்த கடப்பைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார் லெ ழான்தி. அவர் இந்தியக் கரையை நெருங்குவதற்குள், 1761 ஜனவரியிலேயே, புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது. கடப்பு நாளன்று வானம் தெளிவாகத்தான் இருந்தது. அவர் நின்றதோ ஆடுகிற கப்பல் தளம். அங்கிருந்து எடுத்த அளவு எதற்கும் உதவாது. அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. அதை விட்டால் நூறு ஆண்டுக்கு மேல் கிடையாது. மனிதர் ஊர் திரும்பவில்லை. இந்தியப் பெருங்கடலில் சுற்றி, மணிலாவுக்குப் போய், கடைசியில் 1768 மார்ச்சில் இங்கே வந்து சேர்ந்தார். போரில் இடிந்து கிடந்த ஆளுநர் மாளிகையின் மேலேயே ஆய்வுக்கூடம் எழுந்தது. நேற்றுவரை எதிரிகளாக இருந்த சென்னை ஆங்கிலேயர்கள் ஒரு தொலைநோக்கியை இரவல் அனுப்பினார்கள். 1769 மே மாதம் முழுக்கக் காலை வானம் கண்ணாடிபோல் இருந்தது. ஜூன் 4 விடியலில் மேகம் வந்து மூடியது. கடப்பு முடிந்த சற்று நேரத்தில் மேகம் விலகி, அன்று முழுவதும் வெயில் கொளுத்தியது. அவர் விட்டுவந்த மணிலாவில் வானம் தெளிவாக இருந்ததாம். 1771இல் பிரான்சு திரும்பினால், இறந்துவிட்டதாக முடிவுகட்டி உறவினர்கள் சொத்தில் கை வைத்திருந்தார்கள்.

இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அவருடைய துரதிர்ஷ்டத்துக்காக உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நம் வழக்குக்குத் தேவையானது வேறு. அன்று காலை மேகத்துக்குப் பின்னால் வெள்ளி இருந்தது. லெ ழான்தி பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சூரியனைக் கடந்துதான் போனது. தாஹித்தியில் கடலோடி குக்கின் குழு பார்த்தது. வேறு பல இடங்களிலும் பார்த்தார்கள். அந்த அளவுகளையெல்லாம் சேர்த்து வானியலாளர் லாலாந்து 1771இல் சூரியனின் தூரம் ஏறத்தாழ 15.3 கோடி கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். இன்றைய கணக்கு ஏறத்தாழ 15 கோடி. புதுச்சேரியில் காணாமல்போன விடை உலகத்தில் காணாமல்போகவில்லை. இயற்கையின் மர்மம் எல்லாமே இந்த மாதிரிதான். நாம் அறியாமல் இருப்பது நம் பக்கத்துக் குறை. பொருள் அங்கே இருக்கிறது.

இப்போது ‘லாஸ்ட்’ ஐந்தாம் சீசனுக்கு வாருங்கள். தீவில் சிக்கிய லாக்கும் சாயரும் ஜூலியட்டும் மற்றவர்களும் காலத்தில் முன்னும் பின்னுமாகத் தூக்கியெறியப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். கரையில் கிடந்த ஒரு துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு கடலில் போகும்போது, பின்னால் இன்னொரு படகு துரத்தி வந்து சுடுகிறது. ஜூலியட் திருப்பிச் சுடுகிறாள்; யார்மேலோ படுகிறது. அதற்குள் காலம் மீண்டும் தாவிவிடுகிறது. துரத்தியவர்கள் யார்? தொடர் முடியும்வரை சொல்லவே இல்லை. எடுத்த படகில் கிடந்த தண்ணீர் பாட்டிலில் ‘அஜிரா’ என்ற பெயர் இருந்தது. கதையில் அது ஓர் இந்திய விமான நிறுவனம். அதை வைத்துக்கொண்டு நீங்கள் கட்டிய தியரிகள் கொஞ்சமா? அந்தப் பாட்டில் நல்ல சாட்சிதான், மறுக்கவில்லை. அந்தக் காட்சி எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதுவரை அது நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் அதற்கு மேல், துரத்தி வந்த படகில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். அந்தப் படகில் முகம் எதுவும் இல்லை. எழுதப்படாத முகம் மறைந்திருக்கும் முகம் ஆகாது. லெ ழான்தியின் மேகத்தை விலக்கினால் வெள்ளி தெரியும். இந்த மேகத்தை விலக்கினால் தெரிவது வெறும் வானம்.

இந்த வேறுபாட்டை நம் மக்கள் அறியாதவர்கள் அல்ல. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் இதைவிட நீண்ட நாள் ஓடிய தியரி வேறு கிடையாது. புதுவையிலிருந்து தெற்கே கடலூர், சிதம்பரம் வழியாகக் காட்டுமன்னார்கோயிலுக்குப் போனால், அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய உறவினரின் நிலங்களைப் பறிமுதல் செய்த செய்தியைத் தருகிறது. உத்தம சோழனுக்கு இதில் பங்கு உண்டா என்று வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். போடலாம். ஏனென்றால் பத்தாம் நூற்றாண்டில் ஒரு நாள், ஓர் இடத்தில், ஒரு கை அந்தக் கொலையைச் செய்தது. நாளைக்கே இன்னொரு கல்வெட்டு கிடைக்கலாம்; கிடைத்தால் ஒரு தியரி சாயும், ஒன்று நிமிரும். அதே கொலை கல்கியின் நாவலில் கடம்பூர் மாளிகை இருட்டில் நடக்கிறது. அந்த இருட்டில் கத்தி பிடித்த கை யாருடையது என்பதற்கு எந்தக் கோயில் சுவரும் சாட்சி சொல்லாது. 1950 முதல் 1954 வரை வாரவாரம் வந்த கதை. முடிந்ததும் வாசகர்கள் விடாமல் கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதினார், பாத்திரங்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்றெல்லாம் சொன்னார். ஆனாலும் இருட்டு இருட்டாகவே இருந்தது. பெயர் ஒன்று, கொலை ஒன்று, மர்மம் மட்டும் இரண்டு. முதல் மர்மம் கல்வெட்டு அறிஞர்களுக்கு உரியது. இரண்டாவதை உடையார்குடிக் கல்வெட்டை வைத்துத் தீர்க்கப் பார்ப்பவர், கதை தன்னிடம் கேட்ட வேலையைச் செய்யாமல் வேறு வேலையைச் செய்துவிட்டுக் கூலி கேட்கிறார். கதை கேட்ட வேலை என்ன? கொலை நடக்கும் அறையைச் சுற்றி இத்தனை பேரைக் குற்ற உணர்ச்சியோடு நிறுத்தி வைத்திருக்கிறதே, ஒவ்வொருவருக்கும் அந்தக் கொலையில் எவ்வளவு பங்கு என்று எடைபோடச் சொல்கிறது. அதற்கு இருட்டு தேவைப்படுகிறது. விளக்கை ஏற்றினால் ஒருவன் மட்டும் குற்றவாளி ஆவான், மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

உடனே வரும் மறுப்பு தெரிந்ததுதான்: எழுதியவருக்குத் தெரியாதா? அவரைக் கேட்டால் போதுமே. ‘லாஸ்ட்’ தயாரிப்பாளர்கள் லிண்டலாஃபும் கியூஸும் கொடுத்த பேட்டிகளை வேதவாக்காக நீங்கள் சேர்த்து வைத்திருப்பதும் அந்த நம்பிக்கையில்தான். எழுதியவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது கதைக்குள் விழாதவரை அரங்கத்துக்கு வெளியே நின்று சொல்லும் சொல்தான். 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர் முழுவதையும் பேய்போல் பிடித்து ஆட்டிய எண்கள். 2006இல் இணையத்தில் நடத்தப்பட்ட ‘லாஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற விளையாட்டில் இவற்றுக்கு ஒரு விளக்கம் வந்தது: மனித குலம் எப்போது அழியும் என்று கணிக்கும் வாலன்செட்டி சமன்பாட்டின் காரணிகள் இவை என்று. ஆறாம் சீசனில் தொடருக்குள்ளேயே வேறொன்று வந்தது: ஜேக்கப் தனக்குப் பின் தீவைக் காக்கத் தேர்ந்து வைத்திருந்த ஆட்களுக்கு இட்ட எண்கள் இவை, லாக் 4, ஹர்லி 8, சாயர் 15 என்று. இரண்டில் எது விடை? விளையாட்டில் வந்தது எவ்வளவு முறையாக இருந்தாலும், அதனால் தொடரில் ஒருவருடைய கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. குகைச் சுவரில் தன் பெயருக்குப் பக்கத்தில் எண்ணைப் பார்க்கிற ஆளுக்கோ, இத்தனை நாள் தன்னைத் துரத்தியது தற்செயல் இல்லை என்ற எண்ணம் தலையில் இடிபோல் இறங்குகிறது. கணக்காக அந்த விளக்கம் அரைகுறைதான். ஏன் அந்த எண்கள், வேறு எண்கள் ஏன் இல்லை என்று அது சொல்வதில்லை. ஆனாலும் கதைக்குள் வேலை செய்வது அதுதான். அதை நான் விடை என்பேன், மற்றதைத் தகவல் என்பேன்.

எழுதியவர் சொல்லுக்கு ஏன் கடைசி மரியாதை தரக்கூடாது என்பதற்கு ‘ஸ்டார் ட்ரெக்’கின் கிளிங்கான்களைவிட நல்ல சாட்சி கிடையாது. 1960களில் வந்த தொடரில் கிளிங்கான்களின் நெற்றி நம் நெற்றி போலத்தான் இருந்தது. 1979இல் வந்த திரைப்படத்தில் அவர்களுக்கு நெற்றியில் எலும்பு முகடு முளைத்துவிட்டது. காரணம் எல்லோருக்கும் தெரியும்: பணம். முன்பு ஒப்பனைக்குக் காசு போதவில்லை, பிறகு போதியது, அவ்வளவுதான். ஆனால் கதைக்குள் அதை எப்படிச் சொல்வது? 1996இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ பாத்திரங்கள் காலத்தில் பின்னோக்கிப் போய்ப் பழைய கிளிங்கான்களை நேரில் பார்க்கிறார்கள். கூட வந்த கிளிங்கான் வார்ஃபின் நெற்றியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். வெளியாட்களிடம் நாங்கள் அதைப் பேசுவதில்லை என்று முறைப்பாகச் சொல்லி முடித்துவிடுகிறார் அவர். ஒரே வரியில் ஓர் இனத்தின் மானமும் ரோஷமும் வெளிவந்துவிட்டன. 2005இல் ‘என்டர்பிரைஸ்’ தொடர் இரண்டு பகுதிகளைச் செலவழித்து, மரபணு மாற்றம், நோய்க்கிருமி என்று முறைப்படி விளக்கியது. அது அதிகாரபூர்வமான விடை. எனக்கு என்னவோ வார்ஃபின் முறைப்புதான் உண்மையான விடையாகத் தெரிகிறது. ஒப்பனைச் செலவில் பிறந்த ஓட்டையை நோய்க்கிருமி அடைத்தது. வார்ஃப் அதையே ஜன்னலாக்கினார்.

இதைக் கேட்டதும் இன்னொரு பக்கத்திலிருந்து குரல் வரும். அப்படியானால் எதையும் சொல்லலாமா, எல்லாத் தியரியும் சமம்தானா? இல்லை. தோண்டி எடுக்கப் பொருள் இல்லை என்பதால் அளவுகோலும் இல்லை என்று ஆகிவிடாது. ‘லாஸ்ட்’ முதல் சீசனிலேயே உங்கள் முன்னோடிகள் கிளப்பிய தியரி நினைவிருக்கும்: விமான விபத்தில் எல்லோரும் செத்துவிட்டார்கள், தீவு பாவிகள் தங்கிக் கழுவாய் தேடும் இடம் என்பது. தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். கடைசி சீசனின் இணைக்கதை மறுவுலகச் சந்திப்பு என்று தெரியவந்ததும், பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே என்று பலர் கொண்டாடினார்கள். இறுதிக் காட்சியில் ஜாக்கின் தந்தை, தீவில் நடந்ததெல்லாம் நிஜம் என்று மகனிடம் சொல்வதைக் கேட்காமலே கொண்டாடினார்கள். போதாக்குறைக்கு, பெயர்ப்பட்டியலின்போது ஏபிசி நிறுவனம் சேர்த்த விமானச் சிதைவுப் படங்கள் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின. இந்தத் தியரி தவறு என்பது ஒரு பக்கம். அது சரியாகவே இருந்திருந்தாலும் மட்டமான தியரி என்பதுதான் என் வாதம். எல்லோரும் செத்தவர்கள் என்றால் பனிக்கரடி ஏன் என்ற கேள்வி வேண்டாம். தர்மா அமைப்பு எதற்கு என்ற கேள்வி வேண்டாம். 108 நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தியவனின் தூக்கமின்மைக்கும் பொருள் வேண்டாம். எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி திருடனுக்குத்தான் பயன்படும். நல்ல தியரி அதற்கு நேர்மாறு: அதை ஏற்றுக்கொண்ட பிறகு, முன்பு கவனிக்காமல் விட்ட ஒரு பாட்டில், ஒரு பார்வை, பேச்சில் விழுந்த ஓர் இடைவெளி எல்லாம் கனம் பெற வேண்டும். கனவு என்றோ, மூளைக்குள் நடந்தது என்றோ, எல்லோரும் செத்துவிட்டார்கள் என்றோ தொடங்கும் தியரிகள் காட்சிகளின் கனத்தைப் பிடுங்கிக்கொள்கின்றன. அவற்றை வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

தோண்டுகிறவர்களிடமிருந்து கற்க ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீராம்பட்டினத்துப் பக்கம் பழங்கால இடிபாடு இருப்பதைத் தன் பயண நூலில் குறித்தவரும் இதே லெ ழான்திதான். அந்த மேட்டைத்தான் இன்று அரிக்கமேடு என்கிறோம். 1945இல் அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலர், இத்தாலியின் அரெஸ்ஸோ பானையோடுகளைக் கண்டு, அதை இந்திய-ரோமானிய வணிகத் தலம் என்று பெயரிட்டார். கவர்ச்சியான தியரி, பள்ளிப் பாடப் புத்தகம்வரை போயிற்று. பிறகு காசால் என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு தோண்டியது. ரோமானியர் வருவதற்கு முன்பே ஊர் இருந்தது, அவர்கள் போன பிறகும் இருந்தது, வீலர் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்த ஒருவகைப் பானையோடு இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்ற முடிவுகள் வந்தன. அதே மண்தான், அதே ஓடுகள்தான். அவை எந்த அடுக்கில், எதற்குக் கீழே, எதற்கு மேலே கிடந்தன என்ற கணக்குதான் தியரியைத் திருத்தியது. இந்த அடுக்குக் கணக்கைத்தான் நீங்கள் தொடர்களுக்குப் போடத் தவறுகிறீர்கள். ஒரு தொடர் ஒரே நாளில் எழுதப்படுவதில்லை. முதல் சீசன் எழுதியவர்களுக்கு ஆறாம் சீசன் தெரியாது. நடுவில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வரும், நடிகர் விலகுவார், குழந்தை நடிகர் வளர்ந்துவிடுவார். நீங்களோ ஆறு ஆண்டுப் படிவத்தை ஒரே இரவில் கலக்கி வைத்துக்கொண்டு, முதல் பகுதியில் வந்த ஒரு பார்வைக்கு நூறாம் பகுதியிலிருந்து சாட்சி எடுக்கிறீர்கள். பொருந்தினால் முன்பே திட்டமிட்டார்கள் என்கிறீர்கள், பொருந்தாவிட்டால் ஏமாற்றிவிட்டார்கள் என்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டுமில்லை. பழைய ஓட்டைப் பொறுக்கிப் புதுச் சுவர் கட்டியிருக்கிறார்கள். எங்கே கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்று பார்ப்பதே சுவையான வேலை.

இந்த அடுக்குக் கணக்கைப் போட்டால், கோபப்பட வேண்டிய இடமும் தெரியும். ‘லாஸ்ட்’டில் வரும் வால்ட் என்ற சிறுவனை நினைத்துப் பாருங்கள். அவன் சாதாரணப் பிள்ளை இல்லை, அவனிடம் ஏதோ சக்தி இருக்கிறது என்று முதல் இரண்டு சீசன்கள் திரும்பத் திரும்பச் சொல்லின. அவனைக் கடத்திக்கொண்டு போனார்கள். அவனை வைத்துச் சோதனை நடத்தினார்கள். கதையில் சில மாதம்தான் ஓடியிருக்க, நடித்த பையனோ நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டான். கதை அவனை ஓரங்கட்டியது. பிறகு 2010இல் வட்டுத் தொகுப்போடு வந்த ஒரு பின்னுரைக் குறும்படத்தில் அவனைத் திரும்பக் கூட்டிவந்து சமாதானம் செய்தார்கள். படகிலிருந்து சுட்டவர் யார் என்று சொல்லாதது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அது ஒரு காட்சியின் திகில், அதன் வேலை அந்தக் காட்சியோடு முடிந்தது. வால்ட் வேறு. அவனைப் பற்றிய கேள்வியைக் கதையே தன் வாயால் கேட்டது, பலமுறை கேட்டது, அவனுக்காக ஒருவரைத் துரோகம் செய்யவும் வைத்தது. வாங்கிய கடன் அது. கடனைக் கேட்பது ரசிகரின் உரிமை. ஆனால் அந்த இடத்தில் எழுத வேண்டியது விமரிசனம். வால்டுக்கு நீங்கள் தியரி எழுதும்போது, தயாரிப்பாளர்கள் அடைக்காத கடனை உங்கள் பையிலிருந்து எடுத்து அடைத்துவிட்டு, அவர்களுக்கு மேதை என்று பட்டமும் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

விடை தெரியாமல் போனால் தமிழ்ப் பார்வையாளர் ஏற்கமாட்டார், நம் ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று சிலர் சொல்வதையும் பார்க்கிறேன். 1990களின் பிற்பகுதியில் ‘மர்மதேச’த்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்த ஊர் இது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய அந்தத் தொடர்களில் ‘விடாது கருப்பு’ பிளவுபட்ட ஆளுமை என்ற உளவியல் விளக்கத்தை ஒரு கையால் கொடுத்துவிட்டு, மறு கையால் கருப்பசாமியை அவர் இடத்திலேயே விட்டுவைத்தது. அறிவியல்தான் ஜெயித்தது என்று ஒருவர் எடுத்துக்கொண்டார், சாமிதான் என்று பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் மறுவாரமும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். நம் பார்வையாளருக்குப் பாதி இருட்டு பழக்கமானதுதான்.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தொடர்கள் விஷயத்தில் என் வாதம் கொஞ்சம் தளரும், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த சீசன் வரவிருக்கும்போது மேகத்துக்குப் பின்னால் ஏதாவது இருக்கவே வாய்ப்பு. அப்போது தியரி என்பது கணிப்பு. கணிப்புக்குக் கணிப்பின் நேர்மை வேண்டும். தனக்குத் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்கள் சோழிகளை அடுக்கி, மனப்பாடம் செய்த வாய்பாடுகளைக் கொண்டு கிரகணம் கணிக்கக் கற்றுக்கொடுத்த விதத்தை லெ ழான்தி வியந்து எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கு நிகழ்வுக்கு முன்பே நேரத்தைச் சொல்லிவிடும். தப்பினால் தப்பியது ஊருக்கே தெரியும். உங்கள் கணிப்புகளும் அப்படி இருக்கட்டும்: எந்தக் காட்சி வந்தால் என் தியரி செத்தது என்று எழுதும்போதே சொல்லிவிடுங்கள். சீசன் வந்த பிறகு, நான் அப்போதே இதைத்தான் குறிப்பாகச் சொன்னேன் என்று பழைய பதிவுக்குப் புது உரை எழுதுவது கிரகணம் விட்ட பிறகு பஞ்சாங்கம் அச்சிடுவது மாதிரி.

முடிந்துபோன தொடர்களுக்கு வருகிறேன். அங்கேதான் உங்களிடம் ஒன்று கேட்க இருக்கிறது. ‘டார்க்’ மூன்று சீசன்களில் 33 ஆண்டுச் சுழலின் ஏறத்தாழ எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிட்டு, வோல்லரின் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு விளையாடியது. கடைசிப் பகுதியின் விருந்து மேசையில் அவர் அந்தக் கதையைச் சொல்ல வாயெடுக்கும்போது விளக்கு அணைகிறது. அது உங்களைப் பார்த்து அடித்த கண், நண்பர்களே. அதற்குத் தியரி எழுதுவது, நகைச்சுவையைக் கேட்டுவிட்டு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பது. அதை விட்டுவிடலாம். காரா த்ரேஸ் அப்படியல்ல. மூன்றாம் சீசனில் அவளுடைய விமானம் கண்முன்னே வெடிக்கிறது. அவள் திரும்பி வருகிறாள். நான்காம் சீசனில் எரிந்து கிடக்கும் தன் பிணத்தைத் தானே பார்த்து, தானே எரியூட்டுகிறாள். எல்லோரையும் கரை சேர்த்துவிட்டு, லீ அடாமா திரும்பிப் பார்ப்பதற்குள் இல்லாமல் போகிறாள். தலைப்பு இசையிலேயே காயத்ரி மந்திரத்தை ஒலிக்கவிட்ட தொடர் அது. ஆகவே நம்மவர்களுக்கு அவதாரம் என்ற சொல் நாக்கு நுனியிலேயே நிற்கிறது, மேற்கத்தியர்களுக்குத் தேவதை என்ற சொல். இரண்டு சொல்லும் பொத்தலுக்கு ஒட்டுப்போடுகின்றன, அவளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அந்த இரண்டு சொல்லையும் தொடாமல், தயாரிப்பாளர் ரொனால்ட் மூரின் பேட்டி ஒன்றையும் மேற்கோள் காட்டாமல், தன் பிணத்துக்குத் தீ வைத்த பெண் அதற்குப் பிறகு லீயிடமும் கணவன் சாமிடமும் பேசிய ஒவ்வொரு பேச்சும் எப்படி மாறியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவள் யார் என்று ஒரு தியரி எழுதுங்கள். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். அதோடு மாறுபட எனக்கு நிறைய இருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்